ஆழம் தெரிந்து காலை விடுவோம்



கடலைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன உரிமை என்று நீங்கள் எங்களைக் கேட்கலாம். புதுச்சத்திரத்திலிருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கடந்தால்தான் கடலின் முகத்தைக் காண முடியும். நாம் நாள்தோறும் காண்பவை நெடுஞ்சாலையும் லாரியும், கோழிப்பண்ணையும் கிணறும், மரவள்ளிக் காடுமே. ஆயினும் இவ்வாண்டு மலருக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள், கடலிலேயே தங்கி, கடலுக்குள்ளேயே மூழ்கி, விடுமுறையைக் கழிப்போரின் படகு வாழ்க்கை. அந்தப் படகில் நம் ஊர்ப் பெண்களுக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது என்பதும், அதை நாம் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பதும் எங்கள் கருத்து.

இத்தகைய படகை ஆங்கிலத்தில் 'லைவ்அபோர்டு' என்கிறார்கள். நாங்கள் 'தங்குபடகு' என்றே அழைப்போம். மாலத்தீவிலும், எகிப்தின் செங்கடலிலும், இந்தோனேசியத் தீவுகளிலும் இவை மிகுதி. நம் நாட்டிலும் அந்தமானிலிருந்து எரிமலை உள்ள பாரன் தீவு வரை இப்படிப் பயணம் சென்றவர்கள் உண்டு. எங்களில் எவரும் அதில் ஏறியதில்லை; படித்தும் படங்களில் பார்த்தும் அறிந்ததையே சொல்கிறோம். நாமக்கல் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. வடநாட்டுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரியிலேயே உண்டு, உறங்கி, வாரக்கணக்கில் வாழும் ஓட்டுநர்களை நாம் அறிவோம் அல்லவா? அந்த லாரி தண்ணீரில் மிதந்தால் எப்படியோ, அப்படி!

படகிலே ஒரு விடுதி

தங்குபடகில் ஏறியவுடன் முதல் வேலை செருப்பைக் கழற்றிக் கூடையில் போடுவது. பயணம் முடியும் வரை வெறுங்கால்தான். கோடி ரூபாய் உள்ளவரும் கடன் வாங்கி வந்தவரும் அங்கே ஒரே மாதிரி வெறுங்காலுடன் நடப்பார்கள். அடுத்து, படகு தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவது, மிதவை அங்கி எங்கே இருக்கிறது என்று காட்டுவார்கள்.

விடியற்காலையில் மணி அடிக்கும். எல்லாரும் பலகையைச் சுற்றிக் கூடுவார்கள். இன்று எங்கே இறங்குகிறோம், எவ்வளவு ஆழம், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, எதைத் தொடக் கூடாது என்பதையெல்லாம் வழிகாட்டி படம் வரைந்து சொல்வார். பிறகு ஒரு முழுக்கு. ஏறி வந்து காலை உணவு, ஓய்வு. மீண்டும் மணி, மீண்டும் முழுக்கு. பகலில் மூன்று முறை, சில நாட்களில் இரவில் விளக்குடன் ஒரு முறை. நன்னீர் சிக்கனம், குளியல் கால அளவோடு. முழுகியவர் ஒவ்வொருவரும் எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், எவ்வளவு காற்று மீதம் என்பதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியர் இதைக் கேட்டால், "விடுமுறைக்குப் போயும் மணியா?" என்று சிரிப்பார்கள்.

சிரிக்கலாம். ஆனால் அந்த மணியில்தான் உயிர் இருக்கிறது.

அழுத்தத்தின் கணக்கு

நீரில் 10 மீட்டர் இறங்கினால் நம் மேல் உள்ள அழுத்தம் ஒரு காற்றுமண்டல அளவு கூடுகிறது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 120 அடி. அது நிறைந்திருக்கும்போது அடிமட்டத்தில் ஒருவர் நின்றால், நாம் தரையில் உணர்வதைப் போல் நாலரை மடங்குக்கும் மேலான அழுத்தம் அவரை நெருக்கும். அந்த ஆழத்தில் மூச்சுவிட, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்று வர வேண்டும். அதைத் தானாகவே அளந்து தரும் கருவியை 1943 ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான ஜாக் கூஸ்தோவும் எமில் காக்னானும் உருவாக்கினார்கள். பின்னர் கூஸ்தோ 'கலிப்சோ' என்னும் கப்பலில் தம் குழுவுடன் தங்கிக் கடல்கடலாய்ச் சென்று மூழ்கினார். இன்றைய தங்குபடகுகளுக்கு அதுவே ஒரு வகையில் முன்னோடி எனலாம்.

முதுகில் சுமக்கும் உருளையில் காற்றை நிரப்பப் படகிலேயே கம்ப்ரஸர் உண்டு. போர்வெல் ரிக் லாரிக்குப் பேர் பெற்ற திருச்செங்கோட்டுக்கு அருகே வாழும் நமக்குக் கம்ப்ரஸர் புதிதன்று. ஆனால் முழுகுவோர் சுவாசிக்கும் காற்றில் எண்ணெய்ப் புகை துளியும் கலக்கக் கூடாது. வடிகட்டி நிரப்ப வேண்டும்.

இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வருவது. பத்தாம் வகுப்பு அறிவியலில் நாம் படிக்கும் பாயில் விதியை நினைவுகொள்ளுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் நிறைந்த காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். மற்றொன்று, வேகமாக ஏறுவது. ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சோடா பாட்டிலைத் திறந்தாற்போல் குமிழியாகக் கிளம்பி மூட்டையும் மூளையையும் தாக்கும். ஆகையால்தான் மெதுவாக ஏறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பதும், இரண்டு முழுக்குகளுக்கு நடுவே படகில் ஓய்வதும். தொடர்ந்து பல நாள் மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பதும் இதனால்தான்.

புதிதாகப் பயின்றவரை 18 மீட்டருக்குக் கீழே விடமாட்டார்கள். 18 மீட்டர் என்பது நம் கணக்கில் அறுபது அடி. அறுபது அடிக் கிணறு நம் காடுகளில் அரிதா என்ன? அந்த ஆழத்துக்கு அங்கே பயிற்சியும், தேர்வும், சான்றிதழும், துணையும் கேட்கிறார்கள். இங்கே அந்த ஆழத்தின் விளிம்பில் கைப்பிடிச் சுவர்கூட இல்லாமல் சிறுபிள்ளைகள் விளையாடுகிறார்கள்!

விழித்திருப்பவர் வேண்டும்

ஒழுங்கு தவறினால் செல்வம் காப்பாற்றாது. 2019 செப்டம்பர் 2 ஆம் நாள் பின்னிரவில், அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையை அடுத்த சாண்டா குரூஸ் தீவின் அருகே 'கன்செப்ஷன்' என்னும் தங்குபடகு தீப்பற்றியது. கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேரும் மாண்டனர். மேலே இருந்த ஐந்து பணியாளர் தப்பினர். இரவு முழுவதும் ஒருவர் படகைச் சுற்றி வந்து காவல் காக்க வேண்டும் என்பது விதி. அந்தக் காவல் அன்று இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. படகுத் தலைவருக்கு 2024 இல் 4 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு நவம்பர் 25 அன்று செங்கடலில் 'சீ ஸ்டோரி' என்ற தங்குபடகும் கவிழ்ந்து உயிர்கள் போயின.

லாரியில் ஒரு ஓட்டுநர் உறங்கும்போது மற்றவர் விழித்திருப்பதன் அருமை நம் வீடுகளில் பலருக்குத் தெரியும். விளக்கில் எண்ணெய் இல்லாமல் உறங்கிப்போன ஐந்து கன்னியரின் உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். விழிப்பு என்பது செபத்துக்கு மட்டும் உரியதன்று; தண்ணீருக்கும் உரியது.

நம் கடலில் மூழ்கியோர்

இனி நம் கடலுக்கு வருவோம். மூழ்குவதை நாம் வெள்ளைக்காரரிடம் கற்றுக்கொள்ளவில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு பல நூற்றாண்டுப் பழமை உடையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோவும் அதை எழுதி வைத்தார். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றனர். 1542 இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்து அவர்களுக்குச் செபங்களைத் தமிழில் கற்பித்தார். தூத்துக்குடிப் பனிமய மாதாவின் பெருங்கோயிலைச் சுற்றி வாழும் மக்களின் முன்னோர், காற்று உருளை இல்லாமல், கண்ணாடி இல்லாமல், காலில் ஒரு கல்லைக் கட்டி ஆழத்தில் இறங்கியவர்கள். நள்ளிரவில் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், பிற்பகலில் கடற்காற்றில் திரும்புவார்கள்.

இறங்குபவரின் உயிர் மேலே கயிறு பிடிப்பவர் கையில். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்களாம். தங்கை தாலியை நினைத்தாவது அவன் கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை! "மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்" என்ற பழமொழியோடு இதையும் சேர்த்துச் சொல்வார்கள். தங்குபடகில் ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாளரை நியமித்து, ஒருவர் காற்றை ஒருவர் கவனிக்கச் செய்கிறார்கள். பெயர்தான் புதிது; வழக்கம் நம்முடையது.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961 ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. சங்குகுளிப்பு நிற்கவில்லை. வங்காளத்துப் பெண்களின் கைவளையலுக்காக இங்குள்ள ஆண்கள் இன்றும் மூழ்குகிறார்கள். பாம்பன், இராமேசுவரம் பக்கத்துப் பெண்களோ கடற்பாசி எடுக்க மூழ்குகிறார்கள். விரல்களில் துணி சுற்றி, புடவைக்கு மேல் ஒரு சட்டை மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சடக்கி இறங்குகிறார்கள். பாறை கையைக் கிழிக்கும். ஜெல்லி மீன் சுடும். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையால் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015 இல் 'சீகாலஜி' பரிசு கிடைத்தது. தென்கொரியாவின் ஜேஜு தீவில் இவ்வாறே மூச்சடக்கி மூழ்கும் 'ஹேன்யோ' பெண்களை 2016 இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டு மரபில் சேர்த்தது. அவர்களும் தனியே இறங்குவதில்லை, கூட்டமாகவே இறங்குவார்கள்.

எண்ணிப் பாருங்கள். ஒரே கடல், ஒரே அழுத்தம். வேடிக்கை பார்க்க இறங்குபவருக்கு முகக் கண்ணாடி, நீச்சல் துடுப்பு, அளவுமானி, காப்பீடு, அவசரத்துக்கு ஆக்சிஜன். வயிற்றுக்காக இறங்கும் தாய்க்கு ஒரு துணிச்சுற்று! பாயில் விதி ஏழை பணக்காரர் பார்ப்பதில்லை. பாதுகாப்பு மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

"நமக்கு எதற்கு?"

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "இது பணக்காரர் பொழுதுபோக்கு, மேட்டு நிலத்துப் பெண்களுக்கு இதில் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஒரு வாரம் தங்குபடகில் கழிக்கும் செலவில் நம்மில் ஒருத்தி கல்லூரியில் ஓராண்டு படித்துவிடலாம். அந்தப் படகில் ஏற வேண்டும் என்று நாங்கள் வாதாட வரவில்லை. அதன் ஒழுங்கை இங்கே இறக்க வேண்டும் என்கிறோம்.

காரணம், தண்ணீர் நம்மையும் விடவில்லை. 2021 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் கப்பல் பயணிகள் அல்லர். ஆற்றுக்கும் குளத்துக்கும் கிணற்றுக்கும் அருகே வாழும் எளியவர்கள். 2022 ஜூன் 5 அன்று கடலூர் அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் சிறுமியரும் இளம்பெண்களுமாக ஏழு பேர், ஒருவரைக் காப்பாற்ற ஒருவர் இறங்கி, ஒன்றாக மூழ்கினார்கள். 2023 பிப்ரவரி 15 அன்று, கால்பந்துப் போட்டிக்கு வந்த புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளி மாணவியர் நால்வர், மாயனூரில் காவிரியில் மூழ்கினார்கள். மாயனூர் நமக்கு எவ்வளவு தொலைவு? அதிகமில்லை! அந்த நால்வரும் விளையாட்டில் கெட்டிக்காரிகள். ஓடத் தெரிந்தவர்கள், உதைக்கத் தெரிந்தவர்கள். நீந்த மட்டும் அவர்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

நம் ஊரில் பையன்களுக்குச் சுரைப்புருடையோ காலிக் கேனோ முதுகில் கட்டிக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்குகிறார்கள். பெண்பிள்ளை என்றால், "எட்டிப் பார்க்காதே, விழுந்துவிடுவாய்" என்பதோடு பாடம் முடிகிறது. விழுந்தால் என்ன செய்வது என்று சொல்வார் இல்லை. எங்கள் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். காரணம் கேட்டால் பல சொல்வார்கள். "முடி கெட்டுவிடும், நிறம் கறுத்துவிடும், சளி பிடிக்கும், நாலு பேர் பார்ப்பார்கள்." முடி மீண்டும் வளரும், நிறம் தேறும், சளி கஷாயத்தில் போகும். நாலு பேர் பார்ப்பார்கள் என்ற அச்சத்துக்கும் வழி உண்டு. பெண்களுக்கென்று தனி நேரமும், பெண் பயிற்சியாளரும், உடலை மூடிய நீச்சல் உடையும் இருந்தால் எந்தத் தாய் மறுப்பார்? கொல்கத்தாவின் ஆரதி சாகா 1959 செப்டம்பர் 29 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்ணானார். நாம் கால்வாயைக் கடக்க வேண்டாம். கிணற்றின் இந்தப் படியிலிருந்து அந்தப் படிக்குப் போனால் போதும்.

"நீச்சல் தெரிந்தால் துணிச்சல் வந்து ஆழத்துக்குப் போய்விடுவார்கள், தெரியாதிருப்பதே நல்லது" என்று பெரியவர்கள் சிலர் சொல்வதையும் நாங்கள் மதிப்போடு எண்ணிப் பார்த்தோம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அரைகுறை நீச்சல் ஆபத்துதான். ஆகையால்தான் நீச்சலோடு ஒழுங்கையும் சேர்த்துக் கேட்கிறோம். தங்குபடகில் நன்றாக மூழ்கத் தெரிந்தவரே முதலில் விதியைக் கேட்கிறார். தெரியாதவரைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைக்கலாம். ஆனால் தண்ணீர் அவரைத் தேடி வரும் நாளில் யார் விலக்குவார்?

கடலுக்கும் ஒரு நீதி

இன்னொரு வகைத் தடை சொல்வோரும் உண்டு. உல்லாசப் படகுகள் கடலைக் கெடுத்துவிடும் என்பது அவர்கள் கவலை. அதுவும் நியாயமே. நங்கூரம் ஒன்று விழுந்தால் நூறாண்டு வளர்ந்த பவளம் நொடியில் நொறுங்கும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986 இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டி எடுத்ததே பெருங்காரணம். 2010 இலும் 2016 இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. ஆவுளியாவைக் காக்க 2022 இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு ஒதுக்கப்பட்டது. இத்தகைய கடலில் எவர் வந்தாலும் அளவோடு வர வேண்டும். நங்கூரம் போடாமல் மிதவையில் கட்ட வேண்டும். எதையும் தொடாமல், எடுக்காமல் பார்க்க வேண்டும். அந்தக் கடற்கரைப் பிள்ளைகளே வழிகாட்டிகளாகி ஊதியம் பெற வேண்டும். இவை இல்லாவிட்டால், வராமலே இருக்கட்டும்.

நாங்கள் கேட்பவை

முதலாவது, நம் வட்டாரத்தில் பெண்களுக்கென்று பாதுகாப்பான நீச்சல் பயிற்சி இடம் ஒன்று வேண்டும். கோடை விடுமுறையில் பத்து நாள் வகுப்பு நடந்தாலும் போதும். ஐந்தாம் வகுப்புக்குள் ஒவ்வொரு பிள்ளையும் மிதக்கக் கற்றிருக்க வேண்டும்.

இரண்டாவது, திறந்த கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவரும், ஓரத்தில் எப்போதும் ஒரு கயிறும், காற்றடைத்த பழைய டியூபும் வேண்டும். இதற்கு அரசாணை தேவையில்லை. கிணற்றுக்காரர் மனம் போதும்.

மூன்றாவது, பள்ளிச் சுற்றுலாவில் நீர்நிலைக்குப் போகுமுன் தங்குபடகில் போலவே ஒரு கூட்டம் நடத்தி, ஆழம், சுழல், எல்லை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். இருவர் இருவராகத் துணை சேர்த்து, தலை எண்ணி இறக்கி, தலை எண்ணி ஏற்ற வேண்டும்.

நான்காவது, மூழ்குபவரைக் கண்டால் குதிக்கக் கூடாது என்பதை எல்லாரும் மனப்பாடமாக அறிய வேண்டும். கூச்சலிடு, கயிறு, கம்பு, துப்பட்டா, புடவை எது கிடைத்தாலும் வீசு, படுத்துக்கொண்டு இழு. கெடிலம் நமக்குக் கண்ணீரோடு சொன்ன பாடம் இது.

ஐந்தாவது, கடற்பாசிப் பெண்களுக்கும் சங்குகுளிப்போருக்கும் நல்ல கண்ணாடியும், பயிற்சியும், காப்பீடும் முதலில் சேரட்டும். சுற்றுலாப் பயணியின் பாதுகாப்பு அதற்குப் பிறகு தானாக வரும்.

தோழியரே! ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பாட்டிமார் சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல வாக்குத்தான். ஆனால் அதைச் சொல்லியே நம்மைப் படிக்கட்டில் நிறுத்திவிட்டார்கள். காலை விடாதிருக்கக் கற்றது போதும். இனி ஆழத்தைத் தெரிந்துகொள்ளவும் கற்போம். ஆண்டவர் படைத்த நீர் அனைவருக்கும் பொது என்றால், அதில் மிதக்கும் அறிவும் அனைவருக்கும் பொதுவாகட்டும். வரும் கோடையில் நம் தாய்மாரிடம் புதுச் சுடிதார் கேட்பதற்கு முன், நீச்சல் பழகிக்கொள்ள அனுமதி கேட்போமாக!